சத்தமா படி, சத்தம் போடாதே

நம் பள்ளிக்கூடங்களில் படித்த எல்லோருக்கும் இரண்டு கட்டளைகள் மறக்காது. ஒன்று, ‘சத்தமா படி’. இன்னொன்று, ‘சத்தம் போடாதே’. இரண்டையும் சொல்பவர் ஒரே ஆசிரியர். கேட்பதும் ஒரே பிள்ளைதான். நடுவில் பத்து நிமிஷம்கூட இருக்காது. முதலாவது படிப்பின் பெயரால் வருகிறது, இரண்டாவது ஒழுங்கின் பெயரால். அந்தப் பிள்ளையின் தொண்டையைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்வதில்லை.

தொண்டை கட்டிக்கொண்டால் அதற்கு வீட்டில் மருந்து உண்டு. பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை என்று பாட்டிகள் ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். சித்த மருத்துவம் குரற்கம்மல் என்று தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு பையனின் குரல் மாதக்கணக்கில் கரகரவென்று இருந்தால், ‘அவன் குரலே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பிள்ளைகளில் 6 முதல் 23 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் குரல் கோளாறு இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் மாறி மாறிச் சொல்கின்றன. எண் இவ்வளவு அகலமாக விரிந்து கிடப்பதே, இதை யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி. குறைந்தபட்ச எண்ணையே எடுத்துக்கொண்டாலும் முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரைப் பற்றியது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை எப்படி உருவானது என்பதைப் பற்றியதும்கூட.

பளிஇ

மதுரைக்குக் கிழக்கே வைகையின் வடகரையில் வண்டியூர். அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஆனைமலை படுத்திருப்பது தெரியும். அந்த மலையிலும் அதற்கு அப்பால் மாங்குளத்திலும் இயற்கையான குகைத்தளங்கள் இருக்கின்றன. பாறையில் வெட்டிய கற்படுக்கைகள், அவற்றுக்கு மேலே தமிழி எழுத்துகள். மாங்குளத்துக் கல்வெட்டு ஏறக்குறைய கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நெடுஞ்செழியன் பெயர் வரும் அந்தக் கல்வெட்டில்தான் ‘பளிஇ’ என்ற சொல் இருக்கிறது. பள்ளி. அப்போது அதற்குப் பொருள் துறவிகள் படுத்திருக்கும் இடம். சமணத் துறவிகள் தங்கிய இடமே பாடம் சொல்லும் இடமாகவும் ஆகிப் பின்னர் சொல்லின் பொருளே மாறிப்போனது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் எல்லாமே ஒலி. பெருக்கல் அட்டவணைக்கு நாம் வைத்த பெயர் வாய்ப்பாடு. கற்றலுக்கு வள்ளுவர் ‘கல்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அது போதாதென்று ‘கேள்வி’ என்று இன்னொன்றும் வைத்தார். படிப்பது ஓதுவது, படித்ததைக் காட்டுவது ஒப்பிப்பது. தொல்காப்பியத்தின் பிறப்பியலோ, எழுத்து எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு உந்தியில் எழும் காற்றில் தொடங்கி தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களை எண்ணிச் சொல்கிறது. மிடறு என்பது தொண்டை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மிடற்றைப் பாடத்தில் வைத்த மொழி இது. எழுத்து மணலிலும் ஓலையிலும் இருந்தது. படிப்பு வாயில் இருந்தது.

பதினைந்து பிள்ளைகள்

1822 ஜூனில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள்? பதில்கள் வந்துசேரச் சில வருஷங்கள் ஆயின. மதுரையில் அப்போது கலெக்டர் ரௌஸ் பீட்டர். மீனாட்சிக்குத் தங்க அங்கவடி கொடுத்த அதே ‘பீட்டர் பாண்டியன்’. 1826 மார்ச்சில் மன்றோ மொத்தக் கணக்கைத் தொகுத்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983-இல் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற நூலில் இந்த ஆவணங்களை வெளியிட்ட பிறகு, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி இருந்ததா என்று பெரிய விவாதம் நடந்தது. இன்றும் ஓயவில்லை.

அந்த விவாதத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. 1,88,650-ஐ 12,498-ஆல் வகுத்தால் 15 வரும். ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள். அவர்கள் உட்கார்ந்தது பெரும்பாலும் திண்ணையில். பின்னால் ஒரு சுவர், மேலே ஓலை அல்லது ஓட்டுக் கூரை, முன்னால் தெரு. எண்சுவடியை அத்தனை பேரும் சேர்ந்து கத்திச் சொன்னாலும் அந்தச் சத்தம் தெருவுக்குப் போய்விடும். திரும்பி வராது.

திண்ணையை நான் புனிதப்படுத்தவில்லை. கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனை இருந்த இடம் அது. பெண்பிள்ளைகள் அபூர்வம். சாதி பார்க்காமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்ட திண்ணையும் அல்ல. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் தன் திண்ணைப் பள்ளி நாட்களை எழுதியிருப்பதைப் படித்தால், விடிவதற்கு முன்பே தொடங்கும் அந்தப் படிப்பின் கண்டிப்பு தெரியும். ஆனாலும் ஒரு விஷயம்: உரக்கச் சொல்லிப் படிப்பது என்ற முறை, பக்கம் திறந்த ஓர் இடத்தில், பதினைந்து பேருக்காக உருவான முறை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது வாத்தியார்

மன்றோவுக்கு முப்பது வருஷம் முன்னால் சென்னை எழும்பூரில் வேறொன்று நடந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் அங்கிருந்த ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். ஒருநாள் ஒரு நாட்டுப் பள்ளியைக் கடந்து போகையில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் முடியாது என்று முரண்டு பிடித்தார்கள். பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, ‘நீ சொல்லிக் கொடு’ என்றார். பையன் சொல்லிக் கொடுத்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் ‘மெட்ராஸ் முறை’ அப்படித்தான் பிறந்தது. மணலெழுத்தை இங்கே பார்த்துக் கற்றதாக பெல் ஒப்புக்கொண்டார். சட்டாம்பிள்ளையைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814 ஜூன் 3-ஆம் தேதிக் கடிதத்தில், இந்தியக் கிராம வாத்தியார்களின் பழைய முறைதான் பெல் வழியாக இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது என்று பெருமையாகக் குறிப்பிட்டார்கள்.

அங்கே போனதும் அந்த முறைக்கு என்ன ஆனது? லண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் இதே போன்ற ஒரு முறையை வைத்துக்கொண்டு, ஒரே வாத்தியார் ஆயிரம் பையன்களைக் கவனிக்கலாம் என்றார். ஒரே பெரிய கூடம், நீள வரிசைகளில் பையன்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்லும். செலவு குறைவு, அதனால் உலகம் முழுக்கப் பரவியது. திண்ணையில் பதினைந்து பேருக்காக இருந்த ஒரு பழக்கம் நான்கு சுவருக்குள் சில நூறு பேருக்கு என்று ஆனது. குழந்தையின் குரலே சம்பளமில்லாத ஒரு கற்பிக்கும் கருவியானது. ஆசிரியரின் தொண்டைச் சுமையை எட்டு வயதுத் தொண்டைகள் பகிர்ந்துகொண்டன. சத்தம் தாங்காமல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துப் பள்ளிகளில் வகுப்புகளுக்கு நடுவே திரைச்சீலை தொங்கவிட்டார்கள். அறை ஒரு பிரச்சினை என்று யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பக்கம் வந்ததோ திரைச்சீலை இல்லாத கூடம். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பள்ளிகளும், 1854-க்குப் பிறகு மானியம் வாங்கிய பள்ளிகளும், பிறகு ஜில்லா போர்டு பள்ளிகளும் மெல்ல மெல்லத் திண்ணையிலிருந்து பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டன. உள்ளே வர முடியாதவர்கள் பலர் உள்ளே வந்தார்கள் என்பது இதன் பெரிய லாபம். அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பாடம் சொல்லும் முறை மட்டும் திண்ணையில் இருந்தபடியே உள்ளே வந்தது. ‘சத்தமா படி.’

திருமலை நாயக்கர் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க வண்டியூர்ப் பக்கம் மண் எடுத்தார்கள், எடுத்த பள்ளமே 1645-இல் தெப்பக்குளம் ஆனது என்று மதுரையில் சொல்வார்கள். அந்தக் கதையில் அரண்மனை ஒரு பக்கம், குளம் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் வந்தபோது பள்ளம் எங்கே விழுந்தது என்று மட்டும் நமக்குக் கதை இல்லை.

கண்ணை எண்ணினார்கள்

1860-களில் பிரெஸ்லாவ் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன் ஒரு காரியம் செய்தார். 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, மேல் வகுப்புக்குப் போகப்போகக் கிட்டப்பார்வை கூடுகிறது என்று காட்டினார். வகுப்பறை வெளிச்சம், மேசை உயரம், புத்தகத்தின் எழுத்தளவு என்று ஒரு பெரிய இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. பள்ளி சுகாதாரம் என்ற துறை வளர்ந்ததில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

மதுரைக்கு இது அந்நியமான கதை இல்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க வைத்தது. ஒரு அட்டை, ஒரு அளவு நாடா, கொஞ்சம் பொறுமை. கரும்பலகை தெரியாத பிள்ளை ‘மக்கு’ இல்லை, கண்ணாடி வேண்டிய பிள்ளை என்று பல ஆசிரியர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

குரலை இதே மதுரையில் ஒரு காலத்தில் தினமும் கவனித்த ஓர் இடம் உண்டு. அது பள்ளிக்கூடம் இல்லை, நாடகக் கம்பெனி. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். பையன்களே எல்லா வேஷமும் கட்டிய பாய்ஸ் கம்பெனி. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சேர்ந்தார். தங்குவது, சாப்பிடுவது, பாடம், அடி எல்லாம் அங்கேயே. ஒரு வகையில் அதுவும் உறைவிடப் பள்ளிதான்.

மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதியில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ராத்திரி முழுக்கப் பாடினார்கள். பையனின் குரல்தான் கம்பெனியின் மூலதனம். அதனால்தான் அந்த உலகத்தில் குரல் உடைவதற்கு ‘மகரக்கட்டு’ என்று ஒரு தனிச் சொல்லே புழங்கியது. மகரக்கட்டு வந்தால் பாட்டு வேஷம் போய்விடும். நேற்றுவரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ மேடையேறிய பையன் இன்று கூட்டத்தில் ஒருவன். டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ அந்த உலகத்தின் உள்ளே இருந்து எழுதப்பட்ட புத்தகம்.

கம்பெனிக்காரர் பையனின் தொண்டையைக் கவனித்தது பாசத்தால் இல்லை, டிக்கெட்டுக்காக. ஆனாலும் கவனித்தார். குரல் என்றைக்கு மாறுகிறது என்று தெரிந்துவைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பையனின் குரலுக்கு விலை இல்லை. அதனால் கவனிக்க ஆளும் இல்லை.

ஒரு வினாடியில் 250 தடவை

குரல்நாண்களை உயிருள்ள தொண்டையில் தெளிவாகப் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவல் கார்சியா என்பவர் 1854-இல் பல் மருத்துவர் உபயோகிக்கும் சின்னக் கண்ணாடியைத் தன் வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பி, தன் தொண்டையைத் தானே பார்த்தார். இரண்டு சின்ன மடிப்புகள் சேர்ந்தும் விலகியும் ஆடிக்கொண்டிருந்தன.

பேசும்போது ஆம்பளைக் குரலில் அவை வினாடிக்கு நூறு, நூற்றிருபது தடவை மோதும். பெண்களுக்கு இருநூறு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஏறக்குறைய 250. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் தொடர்ந்து குரல் கொடுத்தால் ஒன்பது லட்சம் மோதல். பிள்ளையின் குரல்நாணோ பெரியவர்களுடையதைவிடக் குட்டை. அதன் உள்ளடுக்குகள் முழுதாக உருவாவதே பருவ வயதைத் தாண்டித்தான். கத்தக் கத்த மோதலின் வேகம் கூடும். மோதல் அதிகமாக விழும் இடத்தில், முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் சின்னத் தடிப்பு விழும். அதுதான் குரல்நாண் முடிச்சு. கையில் காய்ப்பு காய்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பருவ வயதுக்கு முன்னால் பெண்பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் பயிற்சியாலும் பழக்கத்தாலும் வயதாலும் சரியாகிவிடும், கத்தி வைப்பது அபூர்வம். ஆனால் சரியாகும்வரை அந்தப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கத் தயங்கலாம், பாட்டுப் போட்டியில் பெயர் கொடுக்காமல் இருக்கலாம், ‘தவளை’ என்று பட்டப்பெயர் வாங்கலாம். பள்ளியில் சில வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை.

இது அறையால் மட்டும் வருவதில்லை. தெருக் கிரிக்கெட்டின் கத்தல், ஒவ்வாமை, அடினாய்டு, அடிக்கடி வரும் சளி, எதுக்களிப்பு என்று பல காரணம். ஆனால் அறைக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் புரியவைத்தவர்கள் இரண்டு பேர்.

1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை. பேசிய சொல் அடங்குவதற்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆனது, அதற்குள் அடுத்த பத்துச் சொல் அதன் மேல் விழுந்தது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்தின் மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் அப்படி வந்தது. அறையின் கன அளவு கூடினால் நேரம் கூடும், சத்தத்தை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும்.

இன்னொருவர் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர். 1911-இல் அவர் எழுதியது இவ்வளவுதான்: பேசுகிறவரின் காதில் இரைச்சல் போட்டால் அவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார், இரைச்சல் நின்றால் குரல் தானே இறங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் எல்லோரும் செய்வது.

இரண்டையும் ஒரு வகுப்பறைக்குள் சேர்த்துப் பாருங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க முப்பது பிள்ளைகளும் கொஞ்சம் குரல் உயர்த்துகிறார்கள். சுவர் அதையும் திருப்பி அனுப்புகிறது. ஆசிரியர் மேசையைத் தட்டி ‘சத்தம் போடாதீங்க’ என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார். அவர் தொண்டையும் போகிறது. யார் மேலும் தப்பில்லை. அறை அப்படி.

கூரையின் கதை

தமிழ்நாட்டுப் பள்ளிக் கூரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காமராஜர் காலத்தில், 1950-களில், ஊர் ஊராகப் பள்ளி திறந்தபோது முதல் கூரை பெரும்பாலும் கீற்று. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கூரையும் கொடுத்தார்கள். மதிய உணவும் அப்போதுதான் வந்தது. கீற்று ஒழுகும், பாம்பு வரும், வருஷா வருஷம் மாற்ற வேண்டும். ஆனால் கீற்று சத்தத்தை விழுங்கும். அதை யாரும் ஒரு வசதியாக நினைத்ததில்லை.

பிறகு 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் மதிய உணவுக்கூடத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு சொன்னது. சரியான முடிவு. அதில் மறுபேச்சே கிடையாது. ஆஸ்பெஸ்டாஸும் தகரமும் ஓடும் கான்கிரீட்டும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன, இப்போது கான்கிரீட் முழுதாக வந்தது. தரைக்கு டைல்ஸ், சுவருக்கு எளிதில் துடைக்கிற பெயின்ட். பார்க்கப் பளிச்சென்று, பாதுகாப்பாக, கழுவச் சுலபமாக. காதுக்கு மட்டும் ஆறு பக்கமும் பாறை.

இதே சமயத்தில் பாடமுறையும் மாறியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, குழுக்குழுவாகப் பேசிப் படித்தார்கள். 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ பாட்டு, கதை, ஆட்டம் என்று இன்னும் வாய் திறக்க வைத்தது. பிள்ளை பேசுவது குற்றமில்லை, அதுதான் கற்றல் என்று அரசே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்காரும் பள்ளிகளிலும் இதுதான் முறை. முறையில் லங்காஸ்டர் கூடத்தின் ஒரே நேரப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. திரைச்சீலை மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரு கணக்கு

சூத்திரத்தை நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மீட்டர் நீளம், ஆறு அகலம், 3.3 உயரம். கன அளவு 119. பூசிய சுவரும் கான்கிரீட்டும் டைல்ஸும் சத்தத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மொத்தப் பரப்பு 151 சதுர மீட்டரும் சேர்ந்து வெறும் நாலு சதுர மீட்டர் மெத்தைக்குச் சமம். திறந்த ஜன்னலும் கதவும் ஓர் ஐந்து சதுர மீட்டர். முப்பது பிள்ளைகளின் உடம்பும் சட்டையும் ஒன்பது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பதினெட்டு. சத்தம் அடங்கும் நேரம் 1.1 வினாடி. மழைக்கோ ஹாரன் சத்தத்துக்கோ ஜன்னலைச் சாத்தினால் 1.5 வினாடி. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுப்பறைக்குப் பரிந்துரைத்தது 0.6 வினாடி.

குறைவது பதினான்கு சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு. பாதி விட்டத்துக்குச் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்தாலே போதும், பதினெட்டு சதுர மீட்டர். கும்பகோணத்துக்குப் பிறகு கூரையில் எதை ஒட்டுவது என்றாலும் முதல் கேள்வி ‘தீப்பிடிக்குமா?’ என்பதுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சிமென்டோடு மரச்சீவல் சேர்த்த பலகை, துளையிட்ட ஜிப்சம், கனிமக் கம்பளி என்று எளிதில் தீப்பிடிக்காதவை சந்தையில் இருக்கின்றன. சினிமா தியேட்டரில் மேலே அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பணம் கொடுத்துப் பாட்டுக் கேட்க வருபவர் காதுக்கு அது கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலம் ஆக்கலாம் என்கின்றன, பகலில் 50 டெசிபல். சத்தம் வெளியே இருந்து வருகிறது என்பது அந்தச் சட்டத்தின் நம்பிக்கை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், குடிநீர், கழிப்பறை என்று பட்டியல் போடுகிறது. ஒலி அதில் இல்லை. தேசியக் கட்டடக் குறியீட்டில் ஒலிக்கென்று ஒரு பகுதி உண்டு, ஆனால் பரிந்துரையாக. 2013-இல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் பள்ளிக்கே வந்து முப்பது வகைப் பிரச்சினைகளைப் பார்க்கின்றன. பார்வை, செவி, பேச்சு வளர்ச்சி, பல் எல்லாம் இருக்கின்றன. குரல் அந்த முப்பதில் இல்லை.

தண்ணீரும் இதில் சேர்த்திதான். குரல்நாண் ஈரமாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே ஆடும், வறண்டால் அழுத்திப் பேச வேண்டும். சித்திரை வெயிலில், பாத்ரூம் சரியில்லை என்று தண்ணியே குடிக்காமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை நமக்கெல்லாம் தெரியும். கேரளா 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளியில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு மணிக்குச் செலவு ஒன்றும் இல்லை. கழிப்பறைக்குச் செலவு உண்டு, அதைச் செய்யாமல் மணி மட்டும் அடித்துப் பிரயோஜனமும் இல்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கி வண்டியூருக்குப் போகும்போது லட்சக்கணக்கான தொண்டைகள் ‘கோவிந்தா’ என்று கத்துகின்றன. மறுநாள் பாதி மதுரைக்குத் தொண்டை கட்டியிருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும். அது வெட்டவெளி, ஒரு நாள் கத்தல். பள்ளிக்கூடம் ஒரு வருஷத்தில் இருநூறுக்கு மேற்பட்ட நாள், நான்கு சுவருக்குள்.

பலகை வர நாளாகலாம். அதுவரை ஆசிரியருக்குச் செலவில்லாத சில வழிகள் உண்டு: கும்பலாகக் கத்தி ஒப்பிப்பதை இரண்டு இரண்டு பேராக மெதுவாகச் சொல்லவைப்பது, வாய்ப்பாட்டை மரத்தடிக்குக் கொண்டுபோவது, அடக்கக் கத்தாமல் கை தூக்கிக் காட்டுவது. அப்புறம், ஒரு பிள்ளையின் குரல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால் ‘உன் குரலே இப்படித்தானா’ என்று விட்டுவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது. கண்ணுக்கு அட்டை பிடித்துப் பார்க்க இந்த ஊர் ஆசிரியர்கள் கற்றுக்கொண்டார்கள். குரலுக்கு அட்டையும் வேண்டாம். ‘எத்தனை நாளாப்பா தொண்டை இப்படி இருக்கு?’ என்று கேட்டால் போதும்.